டொக்டர் இராசநாயகத்தின் வாளி

டொக்டர் இராசநாயகம் இறந்து இருபத்தாறு நாளாகியும் அவர் கடைசியாகக் கை கழுவிய வாளித் தண்ணீர் ஆறவில்லை. மானிப்பாயில் அவருடைய டிஸ்பென்சரியின் பின்பக்கம், வாழையடியில் இருந்த அந்த வாளியிலிருந்து காலையும் மாலையும் ஆவி எழுந்தது. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. டெங்குக் காலம், கடைசி நாளில் அவர் முப்பத்தேழு பேரைப் பார்த்திருந்தார், சூடு கூடத்தான் இருக்கும் என்றார்கள்.

நாற்பத்துநான்கு வருடம் அப்படித்தான் நடந்தது. டொக்டர் நோயாளியின் நெற்றியில் கை வைப்பார். காய்ச்சல் அவருடைய கைக்கு ஏறும். பின்பக்கம் போய் வாளியில் கையை அமிழ்த்துவார், தண்ணீர் கொதிக்கும். நோயாளி எழும்பி வீட்டுக்குப் போய்ச் சோறு கேட்பார். மருந்து கட்டிக்கொடுக்கும் பேதுரு, குருநகரிலிருந்து சைக்கிளில் வந்துபோகிறவர், கேத்தலை அந்த வாளிக்குள் இறக்கிவைத்துத்தான் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார். மண்ணெண்ணெய் வராத வருடங்களில் ஒழுங்கையின் ஒன்பது வீட்டுக்காரரும் அரிசிப் பானையோடு முறைவைத்து வந்தார்கள். தொண்ணூற்றைந்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது டொக்டர் மருந்துப் பெட்டியை விட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழ் இருந்து வைத்தியம் பார்த்தார். அந்த மாரியில் நனைந்த பிள்ளைகளின் உடுப்புகள் வாளியைச் சுற்றிக் காய்ந்தன. பிறகு திரும்பி வந்தார். போர் முடிந்தது, சந்தியில் கேஸ் கடை வந்தது, வாளி மாறவில்லை. எப்போதாவது சிலருக்குத் தண்ணீர் சுடாது. அப்போது டொக்டர் கார்ச் சாவியை எடுத்து, அந்த நோயாளியைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. காத்திருக்கும் வாங்குக்கு நேர் எதிரே, ஒரு பலகையில் தன் கையாலேயே எழுதி மாட்டியிருந்தார்: பனடோல் போட்டுவிட்டு வரவேண்டாம். காய்ச்சலை மறைக்கவேண்டாம்.

இணுவிலில் இரசாயனம் படிப்பிக்கும் றஜிந்தனுக்கு அந்தப் பலகையின் எழுத்துகள் ஒவ்வொன்றும் மனப்பாடம். பதினான்கு மாதத்துக்கு முன், காய்ச்சலில் கிடந்த மனைவி நிரோஜினியைக் கூட்டிவந்து அந்த வாங்கில் முக்கால் மணித்தியாலம் இருந்தான். அவள் தோளில் சாய்ந்திருந்தாள். வீட்டிலிருந்து புறப்படுமுன் அவளுக்கு இரண்டு பனடோல் குளிசை கொடுத்திருந்தான். பனடோல் போட்டதோ என்று டொக்டர் கேட்டபோது இல்லை என்றான். டொக்டர் அவள் நெற்றியில் கை வைத்தார், பின்பக்கம் போனார், சாவியோடு திரும்பி வந்தார். ஐந்தாம் நாள் நிரோஜினி இறந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது.

அன்றிலிருந்து றஜிந்தனின் கைகள் குளிர்ந்துபோயின. செத்தவீட்டில் அவன் கையைப் பிடித்தவர்களுக்கு விரல் விறைத்தது. கரும்பலகையில் எழுத அவன் பிடித்த வெண்கட்டியில் ஈரம் பூத்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்கள் முதலில் சங்கடப்பட்டார்கள். பிறகு பழகி, இடைவேளையில் சோடாப் போத்தலை அவனிடம் ஐந்து நிமிடம் பிடிக்கக் கொடுத்தார்கள். அவனும் மறுக்காமல் பிடித்தான்.

டொக்டரின் மகள் அருந்ததி கனடாவிலிருந்து வந்திருந்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கவேண்டும். அதில் டொக்டரின் வாழ்க்கையை எழுத ஆள் தேடியபோது நன்றாக எழுதக்கூடியவன் என்று எல்லோரும் றஜிந்தனைக் கை காட்டினார்கள்.

“நாலு பக்கம் எழுதினால் காணும் தம்பி. அப்பா கை வைச்ச ஆக்கள் எல்லாருக்கும் சுகம் வந்ததெண்டு முடிச்சால் வடிவாயிருக்கும்,” என்றார் அருந்ததி.

றஜிந்தன் மூன்றரைப் பக்கம் எழுதினான். கடைசி வரியை எழுத முடியவில்லை. எல்லோருக்கும் சுகம் வரவில்லை என்பது அவனுக்குத் தெரியும். யாரால் வரவில்லை என்பதும் தெரியும் என்று நினைத்தான். அச்சகத்தார் இரண்டு தரம் போன் எடுத்தார்கள். இருபத்தாறாம் நாள் பின்னேரம் அவன் டிஸ்பென்சரிக்குப் போனான். பேதுரு நோயாளர் அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“பேதுரு அண்ணை, தண்ணி சுடாத ஆக்கள் எத்தினை பேர்?”

“பத்தொன்பது. உம்மடை மனிசியோடை சேத்து.”

“அவளுக்குச் சுடாததுக்கு நான்தான் காரணம். ரெண்டு பனடோல் குடுத்துத்தான் கூட்டிவந்தனான். டொக்டர் கேட்டதுக்கு, இல்லையெண்டிட்டன்.”

பேதுரு அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். கட்டிய பல் கழன்றுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“விசரோ தம்பி உமக்கு? எங்கடை சனம் எப்ப பனடோல் போடாமல் டொக்டரிட்டை வந்தது? நாலு பேருக்கு முன்னாலை நடுங்கிக்கொண்டிருக்க வெக்கம். பனடோலைப் போட்டு, முகத்துக்குப் பவுடரைப் போட்டு, நல்ல சட்டையையும் போட்டுக்கொண்டுதான் வருவினம். கேட்டால் இல்லையெண்டுவினம். எங்கடை பங்குச் சுவாமியாரும் இல்லையெண்டுதான் சொன்னவர். அவரின்ரை காய்ச்சலுக்குத் தண்ணி பொங்கி வெளியாலை வழிஞ்சது.”

றஜிந்தன் திரும்பிப் பலகையைப் பார்த்தான்.

“அந்தப் பத்தொன்பதிலை நாலு பேர் குளிசையைக் கண்ணாலையும் காணாத ஆக்கள். ஒண்டு, பிறந்து மூண்டு நாள். அதுக்கு ஆர் பனடோல் குடுத்தது? நீரே சொல்லும்.”

அவர் குனிந்து மூன்றாவது பெட்டியிலிருந்து ஒரு அட்டையை உருவி நீட்டினார். மருந்தை இங்கிலீசிலும் மற்றதையெல்லாம் தமிழிலும் எழுதுவது டொக்டரின் வழக்கம். நிரோஜினியின் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது: பனடோல் இரண்டு கொடுத்திருக்கிறான். இல்லை என்கிறான். அதனால் ஒன்றுமில்லை. தண்ணீர் சுடவில்லை. உடனே கொண்டுபோகிறேன்.

“இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?”

“சொல்லத்தான் டொக்டர் ரெண்டு தரம் உம்மடை வீட்டை வந்தவர். ஒழுங்கை முகப்பிலை காரை விட்டிட்டு நடந்து வந்தவர், எழுபத்தொன்பது வயசிலை. நீர் படலை திறக்கேல்லை. பலகையைப் பாத்து நம்பினீர், ஆளிட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம். போம், போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாரும்.”

றஜிந்தன் பின்பக்கம் போனான். கிணறு பத்தடி தள்ளி இருந்தது. அவன் அதைக் கவனிக்காமல் கிட்ட இருந்த வாளிக்குள் இரண்டு கையையும் விட்டான். முழங்கை வரை விட்டான். சுடவில்லை. ஆவி மெலிந்தது. யாழ்ப்பாணம் போகும் பஸ் ஒன்று சந்தியைக் கடந்தது, அடுத்தது வருவதற்குள் ஆவி நின்றுவிட்டது. அவன் கையை எடுத்துப் பார்த்தான். உள்ளங்கை சிவந்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தான், சாதாரண மனிதனின் கை. பேதுரு கதவடியில் வந்து நின்றார்.

“அண்ணை, சோறு கீறு ஏதும் இருக்கோ?” என்று றஜிந்தன் கேட்டான்.

மத்தியானத்துச் சோறும் மீன் குழம்பும் இருந்தன. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். சாப்பிட்ட கையோடு கடைசி வரியைச் சொன்னான், பேதுரு அட்டையின் பின்புறத்தில் எழுதினார். முப்பத்தோராம் நாள் மலரில் அது அப்படியே வந்தது: பத்தொன்பது பேரைத் தவிர எல்லோருக்கும் சுகம் வந்தது, அந்தப் பத்தொன்பது பேரையும் அவர் தானே கூட்டிச்சென்றார். அருந்ததி வாசித்துவிட்டு, சரி, இதுவும் வடிவுதான் என்றார். தண்ணீரை வாழைக்கு ஊற்றி, வாளியைக் கழுவிக் கவிழ்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் சோடாவைக் குளிராக்க வேறு வழி பார்த்தார்கள். பேதுரு சந்திக் கடைக்குப் போய், இந்த வயதில் தனக்கு இது ஒரு தேவையோ என்று திட்டிக்கொண்டே ஒரு கேஸ் அடுப்பு வாங்கினார்.