வராத முகம்

எக்ஸ்ரே அறையில் அவளுக்கு இது பதினாறாவது வருஷம். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று நாளைக்கு எண்பது பேருக்குச் சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது அவளுக்கே மூச்சு மிச்சமிருக்காது. ஆனாலும் அடுப்படிக்குப் போகும் முன் அரை மணி நேரம் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து வாட்டர்கலர் போடுவாள். வெங்காயம், கதவில் தொங்கும் குடை, பாதி கடித்த ஆப்பிள் என்று கண்ணில் பட்டது எதுவானாலும் சரி. நன்றாக வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் அதிலிருந்த சுகம். அசதியில் தூரிகையை டீயில் முக்கிவிடுவதும் உண்டு. இன்றைக்கு டீ என்ன கலர் என்று கணவன் கிண்டல் செய்வான்.

ஒரு நாள் கணவனின் அண்ணன் வந்தார். அவள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது; சட்டை தோளில் தொளதொளத்தது. மேசையில் காய்ந்துகொண்டிருந்த குடைப் படத்தை வெகுநேரம் பார்த்தவர், அக்காவை ஒரு படம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். இருக்கிற போட்டோக்களில் எல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கிறாளாம். அவர் வேலை முடிந்து வரும்போது கதவைத் திறந்து, நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சிரிப்பாளே, அந்த முகம் வேண்டுமாம்.

தனக்கு மனித முகம் வராது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவரைப் பார்த்ததும் "சரி மாமா" என்று வந்துவிட்டது.

அன்றோடு அந்த அரை மணி நேரமும் டியூட்டியாகிப் போனது. வாட்டர்கலரில் தப்பு விழுந்தால் விழுந்ததுதான். அழிக்கப் போனால் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பும். கன்னம் காயும் முன்னே கண்ணைத் தீட்டப் போய், ஒரு நாள் கறுப்பு வழிந்து அழுத முகமானது. இன்னொரு நாள் எல்லாம் சரியாக வந்தது போலிருந்தது. காய்ந்ததும் நிறம் வெளிறி, வேறொரு முகம் அவளைப் பார்த்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். ஓயாத இருமலோடு வந்த அக்காவுக்கு எக்ஸ்ரே எடுத்தவளே அவள்தான். மூச்சைப் பிடிக்கச் சொன்னதும் அக்கா திரும்பிப் பார்த்த பார்வை அது. படம் திரையில் விழுந்தபோது, டாக்டர் பார்ப்பதற்கு முன்பே நுரையீரலில் இருந்த நிழலைப் பார்த்தவளும் அவள்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மாமா இரண்டு நாளைக்கு ஒரு முறை போன் செய்து, அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வைப்பார். மூன்று வாரம் போனது. ஒன்பது தாள் வீணானது. பத்தாவதை எடுக்கக் கை வரவில்லை. அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, தாள்களை அப்படியே முன்னால் வைத்தாள்.

"என்னால முடியல மாமா. சிரிக்கிற மொகம்னு ஆரம்பிக்கிறேன், எக்ஸ்ரே ரூம்ல பார்த்த மொகம் வந்து நிக்குது. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அக்கா கேட்டாங்க. ஒண்ணுமில்லக்கான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து அவளும் அதைத்தாம்மா சொன்னா. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னு. அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் நல்லா தூங்கினோம். அதுக்கப்புறம் அப்படித் தூங்கவே இல்ல." தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்கும் அவ சிரிப்பு மங்கிட்டே வருது. அதான் உன்னைப் போட்டுப் படுத்திட்டேன்."

தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றில் நெற்றி அவளுடையதுதான் என்றார். இன்னொன்றில் நிலையில் ஊன்றிய கை அச்சு அசல் அவள் கையேதான் என்றார். வழிந்துபோன கண்ணுள்ள தாளை மட்டும் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்ற எட்டையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பின் அவள் தூரிகையைத் தொடவில்லை. அந்த அரை மணி நேரம் சும்மாவே கிடந்தது. சோபாவில் கால் நீட்டிப் படுத்தாள். இன்றைக்குச் சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கணவன் சொன்னான். உப்பு டப்பா எங்கே என்று மட்டும் கேட்டான். அவள் கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.