ஒத்து மிதித்த பாத்தி

தை பிறந்திருந்தது, ஆயினும் மார்கழியின் ஈரம் களப்பின் உப்புநீர்ப் பரப்பை விட்டு அகலவில்லை. வடக்கேயிருந்து குளிரைச் சுமந்து வந்த வாடை, கண்டற்காட்டின் மேல் அதை இறக்கிவிட்டு மெல்ல நடந்தது. வானம் ஈயம்போல் நீரின்மேல் கவிந்து கிடந்தது. மழை தீர்ந்த அந்த வெளி, அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்துபோன வீட்டைப் போலிருந்தது. கடல்சார்ந்த நிலத்துக்கு இரங்கலை உரியதாக்கினர் முன்னோர். உப்பளத்தில் காலூன்றியவருக்கு அதன் காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

விடியும் முன்பே உப்பளத் தொழிலாளர் பாத்தியில் இறங்கியிருந்தனர். உப்பு விளையுமுன் பாத்தியின் தரை இறுக வேண்டும். அதை இறுக்குவது வெறுங்கால். சேறு கணுக்காலைக் குளிரால் கவ்வியது. பழைய உப்பின் கூர் பாதவெடிப்புகளில் புகுந்து எரித்தது. வரிசையை முன்னின்று நடத்திய கமறியாவின் வாயில் என்றும் ஒரே கட்டளைதான்.

"ஒத்து மிதிக்காதீங்க. பக்கத்தாள்ட கால் எழும்பக்குள்ள உங்கட கால் ஊனோணும்."

அடிகள் ஒத்துவிட்டால், சேற்றின் கீழே நீரில் ஊறிய மணல் அசையத் தொடங்கும், உந்த உந்த உயரும் ஊஞ்சல்போல அந்த அசைவு பெருகும், பாத்தியைச் சுற்றிய மண்வரம்பு வெடிக்கும். ஆதலால் அயலாளின் அடியை விலக்கி மிதிப்பதே அந்த உப்பளத்தின் முறை.

அன்று எல்லோர் கண்ணும் அருகில் நின்ற நான்குமாடிக் கட்டடத்தின்மேல் இருந்தது. பழைய பாத்தியொன்றைத் தூர்த்து அல்பிரட் முதலாளி எழுப்பியது அது. தொழிலாளரின் குடிசைகள் நின்ற கரையை அவர் உல்லாச விடுதிக்காரருக்கு விற்றுவிட்டார். குடிசைவாசிகளை இம்மாடிகளில் அடுக்கப் போகிறார். வாடகை கூலியில் கழியும். இன்று சாவி வாங்காதவருக்கு நாளை வேலையில்லை. வரிசையில் மிதித்துக்கொண்டிருந்த அன்னலட்சுமிக்கு நான்காம் மாடி. போரின் செல்லடியில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த கணவனை வன்னியிலிருந்து சுமந்து வந்தவள் அவள்.

கட்டடத்துக்குக் கணக்குப் பார்த்த பொறியியலாளர் யதுர்சிகா, சென்ற கிழமை குடிசைகளுக்கு வந்து உண்மையைச் சொன்னாள். அதனால் வேலையையும் இழந்தாள்.

"கட்டடம் கருங்கல்லில நிக்குது எண்டு வச்சுப் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை," என்றாள். "பிறகு கீழ இருக்கிற மண்ணையும் சேர்த்துப் பார்த்தன். நிலம் அதிர்ந்தால் சேறும் கட்டடமும் ஒண்டையொண்டு பிடிச்சு ஆட்டும். மணல் தண்ணிமாதிரி இளகும். கெட்டி மண் வரைக்கும் தூண் இறக்கச் சொன்னன். செலவு கூட எண்டு, முதலாளி முதல் கணக்கை மட்டும் எடுத்திட்டார்."

"இஞ்ச நிலம் எங்க பிள்ளை அதிருது?" என்று கேட்டாள் அன்னலட்சுமி.

"எப்ப அதிரும் எண்டு எனக்குத் தெரியாது, அக்கா. அதிராது எண்டு சொல்லவும் என்னால ஏலாது."

வெயில் ஏறியபோது முதலாளி வந்தார். கட்டட வாசலில் போட்டிருந்த பந்தலின்கீழ், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் சாவிகள் மின்னின. கமறியா சேற்றுக்காலுடன் முன்னே வந்தாள்.

"சாவி வேணாம், முதலாளி. தூண் இறக்கித் தாங்க. வாறோம்."

"இலங்கையில பூமி நடுங்கி நீ எப்ப பார்த்தே, கமறியா?"

"கடல் எழும்புறத்தையும்தான் சுனாமிக்கு முந்தி ஒருத்தரும் பாக்கல்ல."

முதலாளி சிரித்தார். "குடிசையில கிடந்தவங்களுக்கு சீமெந்து வாசம் தலையைச் சுத்தும்தான்."

"என்ர மனிசன் நடக்கமாட்டார், ஐயா," என்றாள் அன்னலட்சுமி. "அவரை நாலாம் மாடியில போட்டால் எப்பிடி ஓடுறது?"

"ஓட வேண்டி வராது. அவ்வளவு உறுதி."

"அப்ப நீங்க ஏறி மேல நில்லுங்க," என்றாள் கமறியா. "நாங்க எங்கட வேலையப் பாக்குறோம். பாத்தி மிதிக்கிறோம்."

"தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கிறன். மிதிச்சு முடிச்சிட்டு வந்து சாவியை எடுக்கோணும்." கோப்பையுடன் அவர் படியேறினார்.

சுவரையொட்டிய பாத்தியில் எல்லோரும் இறங்கினர். கமறியா திரும்பி நின்றாள்.

"இண்டைக்கி ஒத்து மிதிங்க."

கால்கள் முதலில் மறுத்தன. ஆயுள் முழுதும் அயலானின் அடியை விலக்கியே பழகியவை. அன்னலட்சுமி கை தட்டினாள். தட்டுக்கு ஓர் அடி. தயங்கிய கால்கள் ஒவ்வொன்றாய் அத்தாளத்துள் வந்து சேர்ந்தன. பின் அத்தனையும் ஒரே காலாயின. சேற்றினடியிலிருந்து நீர் கசிந்து மேலெழுந்தது. தரை விம்மித் தாழ்ந்தது. சன்னல் கண்ணாடிகள் முனகின. கூரைத் தொட்டியின் நீர் விளிம்பு கடந்து சுவர்வழி வழிந்தது. மேல்மாடியில் முதலாளி கம்பியை இரு கையாலும் பற்றினார். கைநழுவிய கோப்பை கீழே விழுந்து சிதறியது. அடுத்து அவர் படிகளில் ஓடி இறங்கும் ஓசை கேட்டது.

கமறியா கையுயர்த்தினாள். கால்கள் நின்றன.

"இது நாசவேலை," என்றார் முதலாளி, மூச்சிரைத்தபடி. "பொலிசுக்குச் சொல்றன். நாளைக்கு ஒருத்தருக்கும் வேலையில்லை."

"வெறுங்காலால மிதிச்சோம், முதலாளி. பூமி இன்னம் மிதிக்கல்ல."

அன்னலட்சுமி அவருடைய கால்களையே பார்த்தபடி நின்றாள். "ஓடி வந்திட்டீங்கள், ஐயா. அந்தக் கால் என்ர மனிசனுக்கு இல்லை."

அவர் வாகனத்தில் ஏறினார். மேசைமேலிருந்த சாவிகளை ஒரு கையும் தீண்டவில்லை.

மிதித்த மிதியில் வரம்பு ஓரிடத்தில் வெடித்திருந்தது. பல நாள் உழைப்பு களப்பில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. நாளை பொலிஸ் வரும், அடுப்பு எரியாது. அதை அறிந்தே அவர்கள் வரம்பில் அமர்ந்து முடிவு செய்தனர். சாவியை எவரும் எடுப்பதில்லை; குடிசையை எவரும் விடுவதில்லை. யதுர்சிகாவின் இரண்டாம் கணக்குடன் எல்லோருமாகப் பிரதேச சபைக்குப் போவது. அயல் உப்பளங்களையும் அழைப்பது.

மாலைத் தொழுகைக்கான பாங்கு களப்பின்மேல் மிதந்து வந்தது. அன்னலட்சுமி குனிந்து, அன்று வலிக்க மிதித்த மண்ணை விரலால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். கமறியா கைகால் கழுவி, வரம்பின் உலர்ந்த இடத்தில் தொழுது முடித்து, உப்பு வெடித்த உள்ளங்கைகளை ஏந்தினாள்.

"யா அல்லாஹ், இந்த மண்ணுக்கு உறுதியக் குடு. இதுக்கு மேல படுக்கிற எல்லாரையும் நல்லபடியா எழுப்பு."