லோயர் அண்ணையின் சான்றிதழ்

சுவிஸின் எம்மன்புரூக்கேயில் பாலேந்திரனின் கொத்துரொட்டிக் கடை மூடப்பட்டதற்குக் கொத்துரொட்டி காரணமல்ல. ருசி நன்றாகவே இருந்தது; சாப்பிட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சாப்பிட்டவர்கள் எல்லோரும் சொந்தக்காரர் என்பதுதான் சிக்கல். "கணக்கிலை போடு" என்று கையைத் துடைத்துவிட்டுப் போனவர்களின் கணக்கைப் பாலேந்திரன் மனதில்தான் எழுதினான். மனம் யாரிடமும் அறவிடாது.

ஆனால் சுவிஸில் கடனை அறவிடுவதற்கென்றே ஒரு கந்தோர், அரசாங்க அலுவலகம், இருக்கிறது. வரி, மருத்துவக் காப்புறுதி, மா கொடுத்தவர் என்று எல்லோருக்காகவும் அது அவனுக்குக் கடிதம் எழுதியது. அவனுக்கு இப்போது லுட்சேர்னில் விடியப்புறம் அலுவலகங்களைத் துடைக்கும் வேலை. அந்த நேரத்தில் பஸ் ஓடாது. கடைக்கு வாங்கிய பழைய வான்தான் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வான் போனால் வேலையும் போகும். கடன் கட்ட வழியில்லை என்று வங்குரோத்து அறிவிக்கலாம், வானை மட்டும் விடக்கூடாது.

ஆகவே எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான். லோயர் அண்ணையிடம் போனான்.

லோயர் அண்ணையின் பெயர் தவராஜா. அவர் லோயர் இல்லை; சட்டம் படித்தவரும் இல்லை. ஆரம்பகாலத்தில் வந்த பெடியளுக்கெல்லாம் அகதிக் கேஸ் எழுதிக்கொடுத்து, விசாரணைக்கு மொழிபெயர்க்கவும் போனவர். வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. அது தொழிற்சாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுவதற்கான சான்றிதழ். அவர் அதை ஒருநாளும் மறைத்ததில்லை. எல்லோரும் வாசித்திருந்தார்கள். ஜெர்மன் மொழியில் சோதனை எழுதிப் பாஸ் பண்ணிய மனிதருக்குச் சட்டம் எம்மாத்திரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாலேந்திரன் எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடுதலாக நினைத்தான். அவனுக்கு விசா கிடைத்தது அண்ணை எழுதிய கேஸில்.

"வங்குரோத்தும் ஒரு கேஸ்தான் தம்பி," என்றார் அண்ணை. "வாசிக்கிறவனுக்குக் கண் கலங்கவேணும்."

நாலு பக்கம் எழுதினார். முதல் பக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்வு. இரண்டாம் பக்கத்தில் கொழும்பு லொட்ஜ். மூன்றாம் பக்கத்தில் எல்லை, பனி, காலில் செருப்பு. கொத்துரொட்டிக் கடை நாலாம் பக்கத்தின் நடுவில்தான் திறந்தது. அதே பந்தியின் கடைசி வரியில் பூட்டப்பட்டது.

"வான்?"

"வானை உம்மட மச்சான்ர பேருக்கு மாத்தும். பிறகு நீர் வெறுங்கையன். வெறுங்கையனிட்டை என்னத்தைப் பிடுங்குறது?"

மச்சான் விஜிதரன் உதவி செய்வதில் முன்நிற்பவன். பெயர் மாறுமுன்னரே வானுக்குள் தன்னுடைய முருகன் படத்தை ஒட்டிவிட்டுப் போனான்.

பாலேந்திரனின் மனைவி தில்லைநாயகி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். நாலு பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"உங்களுக்குப் பல்லுக்குத்து வந்தால் ஆரிட்டைப் போவியள்?"

"பல்லு டொக்டரிட்டை."

"ஏன், தவராஜா அண்ணையிட்டையும் குறடு இருக்குத்தானே? அவரிட்டை வாயைத் திறக்கிறதுதானே?"

அண்ணையின் குறடு தன் வாய்க்குள் வருவதைப் பாலேந்திரன் நினைத்துப் பார்த்தான். கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டான்.

"லோயர் எண்டால் படிச்சு, சோதனை பாஸ் பண்ணி, கன்டோன் அரசாங்கத்தின்ர பதிவேட்டிலை பேர் இருக்கவேணும். பிழை விட்டால் கேள்வி கேக்க மேலை ஆள் இருக்கும். அண்ணை பிழை விட்டால் நாங்கள் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? அவற்ற மனுசியிட்டையோ?"

அவள் ஏற்கனவே பதிவேட்டில் தேடி, கடன் சட்டத்தில் மேற்படிப்பும் முடித்த ஒரு பெண் சட்டத்தரணியிடம் நாள் எடுத்திருந்தாள். பாலேந்திரனுக்குப் பயம் சட்டத்தரணியில் இல்லை. இதை அண்ணையிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான். நன்றி கெட்டவன் என்ற பெயர் எந்தக் கந்தோரிலும் அழியாது. கடைசியில் போன் எடுத்து, "அண்ணை, ஒரு இடத்துக்குப் போகவேணும், மொழிபெயர்க்க வாறியளோ?" என்றான்.

அண்ணை கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தார். நாலு பக்கமும் பாலேந்திரனின் கோப்பில் இருந்தது.

சட்டத்தரணி ஓடெர்மாட் அம்மையார் கோப்பையும் அண்ணையின் ரையையும் பார்த்துவிட்டு அண்ணையிடம் கேட்டார், நீங்களும் வழக்கறிஞரா என்று. பாலேந்திரன் தரை விரிப்பைப் பார்த்தான்.

"இல்லை," என்றார் அண்ணை ஜெர்மன் மொழியில். "நான் மொழிபெயர்ப்பாளன்."

அம்மையார் நாலு பக்கத்தையும் மரியாதையாக வாசித்தார். பிறகு மூன்றே கேள்வி. என்ன இருக்கிறது, யாருக்குக் கடன், அண்மையில் எதையாவது யாருக்காவது கொடுத்தீர்களா? பாலேந்திரன் வானைச் சொன்னான், மச்சானைச் சொன்னான். இன்னும் பெயர் மாற்றவில்லை, இங்கிருந்து நேரே மாற்றத்தான் போகிறோம் என்றும் சொன்னான். அண்ணை எல்லாவற்றையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஜெர்மனில் சொன்னார்.

அம்மையார் பேனாவை வைத்துவிட்டு நீளமாகப் பேசினார்.

அண்ணை தொண்டையைச் செருமினார். "வங்குரோத்துக்கு முன்னம் சொத்தை ஒளிச்சால் அது கடன் இல்லையாம், குற்றமாம். விசாவுக்கும் கரைச்சல் வரலாமாம். ஒளிக்காமல் சொன்னால், வேலைக்குப் போக வேறை வழியில்லை எண்டு காட்டி, வானை உம்மட்டையே விடச்சொல்லிக் கேக்கலாமாம். பழைய வான்தானே, சந்தர்ப்பம் இருக்காம்." ரையைச் சரிசெய்தார். "இந்த யோசனையைச் சொன்னவன் ஒரு விசர் மடையன் எண்டும் சொல்லுறா."

பாலேந்திரனின் ஜெர்மன் சமையலறை ஜெர்மன்தான். ஆனால் மடையன் என்பதற்கான சொற்கள் எல்லாமே அவனுக்குச் சமையலறையில் பழக்கம். அம்மையார் அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. நல்ல யோசனையில்லை என்று மட்டும்தான் சொன்னார்.

பெயர் மாற்றுவதற்காக வான் அன்று மச்சானிடம் நின்றதால், வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றார்கள்.

"அண்ணை, அவ அப்பிடிச் சொல்லேல்லை."

"தெரியும். கொஞ்சம் சேத்துச் சொன்னால்தான் கேஸ் விளங்கும்."

அண்ணை ரையைத் தளர்த்திக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அந்த நாலு பக்கத்தையும் தாரும். கிழிச்சுப்போடுவம்."

"வேண்டாம் அண்ணை. என்னட்டை இருக்கட்டும். வாசிச்சு நான் அழுதனான்."

அண்ணை ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் வளைவில் திரும்பி வந்தது.

"எந்த இடத்திலை?" என்று கேட்டார்.

"செருப்பிலை."

அண்ணை தலையாட்டினார். பஸ்ஸில் ஏறி இருந்ததும், மச்சானுக்குப் போன் எடுத்து, வானுக்குள் ஒட்டிய முருகனைக் கழற்றச் சொல்லும்படி பாலேந்திரனுக்குச் சொன்னார்.