வேறொரு போனில் ஓடுகிறது

என் மச்சான் பழுது பார்த்துக் கொடுத்த வாஷிங் மெஷின் ஒன்று, துணி பிழிகிற வேகத்தில் குதித்துக் குதித்துப் படியிறங்கி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு வாசலில் போய் நின்றது. எதிர்வீட்டு அம்மா கோபப்படவில்லை. தன் பச்சைப் போர்வையை உள்ளே போட்டு மூடி, முடிந்ததும் அனுப்பி வைப்பதாகச் சொன்னாள். ஒயர் அவ்வளவு தூரம் எட்டுமா என்று கேட்பார்கள். ஓடி வந்த வேகம், உடனே நிற்குமா? இதை யாரும் நம்பாததால் எனக்கு 'அளப்பு' என்று பேர் விழுந்தது.

மச்சான் என்றால் என் தங்கையின் புருஷன். கடை ஒரே அறை. சுவரோரம் வயிறு திறந்த மெஷின்கள், தரையில் சோப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளை, மேஜை இழுப்பறை நிறைய பெல்ட். தங்கை போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கு மிஞ்சியது அந்தக் கடையும் ஒரே மகளும்தான். மகள் ஒரு லாரிக்காரனைக் கட்டிக்கொள்ளப் போவதாக என் முன்னால்தான் சொன்னாள். கையில் ஸ்பேனரோடு மச்சான் சொன்னதும் என் முன்னால்தான்.

"என் வயிறு எரியுற மாதிரி உன் வயிறும் எரியணும். அப்பத் தெரியும் உனக்கு."

அவள் ஒரு பையோடு போனாள். நம்பரை மாற்றிக்கொண்டாள். எனக்குப் பெண்ணே கிடையாது என்று, கேட்காத வாடிக்கையாளர்களிடமெல்லாம் இவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டில் இருந்த காலத்தில் அவள் பாட்டுக் கேட்கும் ஆப் ஒன்றைத் தன் கணக்கிலேயே அவன் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் அவனுக்குத் தெரிந்தது ஒரு பட்டன். அமுக்கினால் பாடும். ஒரு நாள் பாடிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. திரையில் 'வேறொரு போனில் ஓடுகிறது' என்று வந்தது. போன் கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்தான். நான்தான் யோசித்துச் சொன்னேன். கணக்கு ஒன்று, போன் இரண்டு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் பாடும். அவள் எங்கேயோ பட்டனை அமுக்கினால் இங்கே நிற்கும், இங்கே அமுக்கினால் அங்கே நிற்கும்.

"அப்ப உசிரோட இருக்கா" என்றேன். அவன் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து கடை திறந்ததும் பாட்டுதான். பாட்டு ஓடுகிறவரை சிடுசிடுவென்று இருப்பான். நின்றால் முகம் தெளிந்துவிடும், வந்தவனிடம் கூலியைக்கூடக் குறைத்துச் சொல்வான். உடனே மறுபடி அமுக்குவான். மறுபடி நிற்கும். அந்த வருடம் முழுக்க எந்தப் பாட்டையும் அவன் சரணம்வரை கேட்டதில்லை. இப்போதெல்லாம் சரணம் இல்லாமலேதான் பாட்டுப் போடுகிறார்கள் என்று என்னிடமே சொன்னான். நானும் அதைப் பல இடங்களில் சொல்லிவிட்டேன். அதை எல்லாரும் நம்பினார்கள்.

வருடக் கடைசியில் போன் தானாகவே கலர் கலராகச் சிமிட்டி, 'இந்த ஆண்டு நீங்கள் கேட்டவை' என்றது. இரண்டு பேரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினோம். அதிகம் கேட்டதில் முதலிடத்தில் இருந்தது பாட்டே இல்லை. 'வாஷிங் மெஷின் சத்தம். குழந்தைகள் தூங்குவதற்கு.'

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மீன்காரனிடம் மீன் நாற்றத்தை விற்கிறானே என்றேன். அவன் சிரிக்கவில்லை.

பிறகுதான் எனக்கும் உறைத்தது. அந்தப் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது தங்கை அவளைத் துணிக்கூடையில் போட்டு, ஓடுகிற மெஷின் பக்கத்தில் வைத்துவிடுவாள். மெஷின் ஓடினால் தூக்கம், நின்றால் தெருவே கேட்கிற அலறல். வேலை வராத நாட்களில் அவன் காலி மெஷினை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"தாத்தா ஆயிட்ட" என்றேன்.

அடுத்த பக்கத்தைத் தள்ளுகிற வரைக்கும் அவன் தாத்தாவாக இருந்தான். அந்தப் பக்கத்தில், அதே சத்தம் எந்த மாதம் எவ்வளவு ஓடியது என்று படம் போட்டிருந்தார்கள். மார்ச்சிலிருந்து ஜூலைவரை தூண் தூணாக நின்றது. ஆகஸ்டில் வெறும் தரை. அதற்குப் பிறகும் தரைதான்.

குழந்தை வளர்ந்திருக்கும், சத்தம் தேவைப்பட்டிருக்காது என்று நான் ஆரம்பித்தேன்.

"இவ சின்னதுல மூணு வயசு வரைக்கும் மெஷின் ஓடாம கண்ண மூடல, மச்சான்."

பேச்சை மாற்றப் பார்த்தேன். அவன் விடவில்லை. பகலில் அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தான் பட்டனை அமுக்கி அமுக்கி எத்தனை தடவை அந்தச் சத்தத்தை நிறுத்தியிருக்கக்கூடும் என்று கேட்டான். அன்று ஸ்பேனரோடு சொன்னதைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை. கை மட்டும் தன் வயிற்றின் மேல் இருந்தது. போனை அணைத்து இழுப்பறையில் பெல்ட்களுக்கு அடியில் வைத்தான். அதோடு கடையில் பாட்டு நின்றது. நான் தினமும் போய் உட்கார்ந்து கதை அளந்தேன். தலையாட்டினான், அவ்வளவுதான்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மருந்துக்கடை வரிசையில் நின்றபோது எனக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அளப்பு மாமா" என்றது குரல். அந்தப் பேருக்குப் பின்னால் மாமா சேர்ப்பவள் ஒருத்திதான்.

"அப்பா உயிரோட இருக்காரா?"

வரிசையை விட்டு விலகி நின்றேன். இருக்கிறான், கடையில்தான் இருக்கிறான் என்றேன். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"நான் பாட்டு கேக்கறதில்ல மாமா. சும்மா போட்டு விடுவேன், அப்பா வந்து நிறுத்துவாரு. இப்ப நிக்கவே மாட்டேங்குது. நாள் பூரா ஓடுது. அதான் பயந்துட்டேன்."

குழந்தையைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். ஜூலைக் கடைசியில். திரும்பி வரும்போது, குழந்தையைக் கிடத்திக் கொண்டுபோன துணிக்கூடையை லாரியிலேயே விட்டுவிட்டார்களாம், வீட்டுக்குள் எடுத்து வர இருவருக்கும் முடியவில்லையாம்.

கடைக்கு வந்துவிடு என்றேன். வர மாட்டேன் என்றாள். அப்பா முன்னைப் போல வந்து பாட்டை நிறுத்தினால் போதும் என்றாள்.

"அன்னிக்குச் சொன்னது அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். குழந்தை போனது அவருக்குத் தெரிய வேண்டாம். நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. நீங்கதான் நல்லா அளப்பீங்களே, மாமா."

மாத்திரை வாங்காமல் கடைக்குப் போனேன். அவன் ஒரு மெஷினுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தான். உன் பெண் பேசினாள், பாட்டுப் போடச் சொன்னாள் என்றேன்.

"அளக்காத."

இழுப்பறையைத் திறந்து போனை எடுத்து, சார்ஜில் போட்டு, நானே பட்டனை அமுக்கினேன். பாட்டு இரண்டு வரி வந்தது. நின்றது. வேறொரு போனில் ஓடுகிறது.

அவன் கையை வெளியே எடுத்தான். துணியில் துடைத்தான். துடைத்து முடித்த கையை மறுபடி துடைத்தான்.

"குழந்தை?"

ஆரம்பித்தேன். நல்ல குண்டு என்றேன், ஒரு ஆளால் தூக்க முடியாது. லாரிச் சாவியைக் கடித்தே வளைத்துவிட்டதால் அப்பன்காரன் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இடி இடித்தாலும் தூங்குகிற ஜாதி, மெஷின் சத்தம் போட்டால் தலையணையை எடுத்து எறிகிறது, அதனால்தான் ஆகஸ்டிலிருந்து போடுவதில்லை. வாடிக்கையாளர்கள் மெஷினின் கோளாறைச் சொல்லும்போது எப்படிக் கேட்பானோ, அப்படிக் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"பேரு என்னவாம்?"

எதிர்வீட்டுப் போர்வையின் நிறம் வரைக்கும் சொல்லத் தெரிந்தவன் நான். ஒரு பேர் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தேன். திறந்தபடியே இருந்தது.

அவன் துணியைக் கீழே வைத்தான். "சரி மச்சான்" என்றான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, போன் முன்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்கினான். பாட்டு வந்தது, நின்றது. அமுக்கினான். நின்றது. பாட்டு என்று சொல்லும்படி எதுவும் காதில் விழவில்லை. கடை மூடுகிறவரை அப்பாவும் மகளும், இங்கேயும் அங்கேயுமாக, அப்படியே இருந்தார்கள்.