நாலாம் கண்ணாடி

எந்தச் சுவரையும் ஒரு தடவை பார்த்தாலே போதும், அது எந்தக் கிழமை விழும் என்று தன்னால் சொல்லிவிட முடியும் என்று தம்பி அறிவித்தான். கட்டடப் பொறியியலில் கடைசி வருடம் படிக்கிறவன். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பழைய தந்தி ஆபீசுக்கு அவன் கொடுத்த கிழமை வியாழன். நான்கு வியாழன்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. கட்டடம் நின்றது.

"எந்த வியாழன்னு நான் சொல்லலையே," என்றான்.

அக்கா கட்டட வரைபடம் போடுகிறவள். இருபது வருடமாகப் பூட்டிக் கிடந்த அந்த ஆபீசை இடித்து, வண்டி நிறுத்தும் இடமாக்க நகராட்சி நாள் குறித்தது. அவள் மனு மேல் மனு போட்டு முப்பது நாள் அவகாசம் வாங்கினாள். நிபந்தனை ஒன்றுதான். சுவரில் இருந்த ஏழு விரிசல்களுக்கும் குறுக்கே, விரிசலுக்கு ஒன்றாகக் கண்ணாடித் துண்டு ஒட்ட வேண்டும். சுவர் நூலளவு அசைந்தாலும் கண்ணாடி உடையும். முப்பது நாளும் ஏழும் முழுசாக இருந்தால் கட்டடம் தப்பும்; ஒன்று உடைந்தாலும் இடிப்பு.

தினமும் காலையில் ஏழையும் பார்த்துக் குறித்துக்கொள்வாள். பிறகு வாசல் சுவரில் உள்ளங்கையை வைத்து, "நல்லா இரு, நாளைக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

"இதுக்குக் காது எந்தப் பக்கம் இருக்குக்கா?" என்பான் தம்பி. "காய்ச்சல் இருக்கான்னும் தொட்டுப் பாத்துக்கோ."

"வாயை மூடிட்டு ஏணியைப் பிடிடா."

முப்பதாம் நாள் காலை. நகராட்சிப் பொறியாளர் வர அரை மணி நேரம் இருந்தது. நாலாம் கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தது.

அக்கா படியில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தாள். முந்தின நாள் அவள் வேலைக்குச் சீக்கிரம் போக வேண்டியிருந்தது. தம்பிதான் தனியாக வந்து 'ஏழும் நலம்' என்று எழுதியிருந்தான்.

"சுவர் நகர்ந்திருக்கு. நான் சொன்னேன்ல?" என்றான். பாதியிலேயே அவன் கண் ஏணிப் பக்கம் போனது.

நாலும் ஐந்தும் உயரத்தில் பக்கம் பக்கமாக இருந்தன. நேற்று நாலைக் கீழே நின்றே பார்த்துவிட்டு, ஐந்தைப் பார்க்க அவன் ஏணியைச் சாய்த்தான். 'டிக்' என்று ஒரு சத்தம். ஏணி முனகுகிறது என்று நினைத்து ஏறி இறங்கிவிட்டான். இப்போது உடைந்த கண்ணாடியின் ஓரத்தில் ஏணியின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. பேசாமல் இருந்தால் அவன் சொன்னது பலித்ததாகிவிடும். இன்றைக்கு வியாழன் வேறு.

பொறியாளர் வந்தார். நாலாம் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

"உடைஞ்சிருக்கேம்மா. நான் என்ன செய்ய?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். பேனா காகிதத்தைத் தொடப் போனது.

"சார், சுவர் இல்ல சார். ஏணி. நான்தான் சாய்ச்சேன்."

"கண்ணாடி மேல ஏணியைச் சாய்க்கிறவன் என்னய்யா படிக்கிறே?"

"கட்டடப் பொறியியல் சார். கடைசி வருஷம்."

"எந்தக் காலேஜ்?"

"அது வேணாம் சார்."

பொறியாளர் ஏறிப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். உடைந்த இரண்டு விளிம்புகளின் மேலும் நகத்தை ஓட்டினார். எங்கும் தட்டவில்லை; சுவர் நகர்ந்திருந்தால் ஒரு பாதி மேடாக நின்றிருக்கும். இறங்கி வந்து பேனாவையும் ஒரு காகிதத்தையும் தம்பியிடம் நீட்டினார்.

"சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு. நாலுக்குப் புதுக் கண்ணாடி. இன்னும் முப்பது நாள், அதுக்கு மேல ஒரு நாள்கூட இல்ல. இவன் ஏணியைத் தொடக் கூடாது."

அவர் போனதும் அக்கா சாந்து குழைக்கத் தண்ணீர் எடுக்கப் போனாள். அவனைத் திட்டவில்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. தெருவில் ஒரு பார லாரி போனது. மேலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் அவன் தோளில் உதிர்ந்தது. மீதி ஆறு கண்ணாடிகளையும் எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வாசல் சுவரில் உள்ளங்கையை வைத்தான்.

"நல்லா இரு," என்றான், உதடு அசையாமல். "நாளைக்கு வர்றேன்."