வலது ஓரத்தில் யூஜின்

பெங்களூர் ஆஸ்டின் டவுன் யூஜினின் வலது கால், அவனுக்கு ஐந்து மாதம் முந்தியே அடக்கமாயிற்று. எலும்பில் புற்றுநோய், தொடையோடு எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள் டாக்டர்கள், எடுத்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற கால் என்பதால் அப்பா கிளாரன்ஸ் அதைச் சின்னப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி புதைத்தார். 1956ஆம் வருஷத்து மழைக்காலம் அது. அடுத்த வாரமே கால் மைதானத்துக்கு விளையாட வந்துவிட்டது.

ஆளைக் காணவில்லை. பந்து மட்டும் வலது ஓரமாக உருண்டு, தடிதடியான ஆட்களை ஏமாற்றிவிட்டு கோலுக்குள் போகும். சேற்றில் எட்டு வயதுப் பிள்ளையின் வலது பாதம் மட்டும் வரிசையாகப் பதிந்திருக்கும். ரெஃப்ரி முதல் நாள் தலையைச் சொறிந்தார், மறுநாள் கோல் கொடுத்துவிட்டார். மூன்று தெரு தள்ளிக் கட்டிலில் கிடந்த யூஜின், "அம்மா, கட்டைவிரல்ல பட்டுச்சு. கோலு," என்பான். அதற்கப்புறம்தான் மைதானத்துக் கூச்சல் வீடு வந்து சேரும். அம்மா பியாட்ரிஸ் ஈரத் துண்டை எடுத்து, கால் இருந்திருக்க வேண்டிய இடத்தைத் துடைத்துவிடுவாள். துண்டில் சேறு ஒட்டும்.

ஆஸ்டின் டவுன் கால்பந்து கிளப்பின் தலைவர் சேஷகிரி மரக்கடைக்காரர். கோல் கம்பங்கள் அவர் கொடுத்தவை. கிளப்பின் பெயரைவிடப் பெரிதாகத் தம் பெயரை அவற்றில் எழுதியிருந்தார். கோலெல்லாம் தம் கம்பத்தின் ராசி என்று கூட்டம் போட்டுப் பேசி, தாமே வாங்கி வைத்திருந்த மாலையைத் தாமே திடுக்கிட்டு ஏற்றுக்கொண்டார்.

செய்தி கேட்டு யூஜின் சிரித்தான். "கம்பமா போட்டுச்சு? நான் போட்டேன்னு சொல்லும்மா."

அதற்குமேல் அவன் எதையும் கேட்கவில்லை. நோய் நெஞ்சுக்கு ஏறி, நவம்பரில் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த ஞாயிறு இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் ஒரு கோல். முடியப்போகிற நேரத்தில் பந்து எதிரணியின் கோல் வாசலுக்கு வந்து நின்றது, நின்றதுதான். இரு அணியிலும் உதைத்தவர்களுக்கெல்லாம் விரல் வீங்கியது. தலைவர் மைக்கைப் பிடித்து, தம் தாத்தா காலத்துத் தேக்கிலிருந்து தொடங்கிக் கம்பத்தின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். கறுப்புச் சேலையோடு பியாட்ரிஸ் மேடையேறினாள்.

"சார், பேரச் சொல்லுங்க."

"யார் பேரும்மா?"

"எம் புள்ள பேரு. சொல்லாட்டி அவன் போடமாட்டான். ரோஷக்காரன், என்னை மாதிரி."

கோப்பை கைநழுவுகிற பயம் சேஷகிரியின் முகத்தில் ஓடியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கோல் போடுறது... யூஜின்," என்றார்.

"கிளாரன்ஸ், பியாட்ரிஸ் மகன் யூஜின்," என்று திருத்தினாள் பியாட்ரிஸ்.

தலைவரும் அப்படியே முழுசாகச் சொன்னார். பந்து உள்ளே போயிற்று. பியாட்ரிஸ் அழவில்லை. பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்க வந்த தாயாக, தலைவரின் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதிலிருந்து ஆஸ்டின் டவுன் அணி பத்துப் பேரோடுதான் இறங்குகிறது. ஊருக்கு வெளியே சந்தாபுராவிலிருந்து வருகிற அணிக்காரர்கள்கூட ஆட்சேபம் சொல்வதில்லை. வலது ஓரத்தைக் காக்க மட்டும் இரண்டு ஆளை நிறுத்துகிறார்கள்.