துண்டு போட்ட இடம்

கத்திரிச் செடிக்கு அடிக்கும் பூச்சி மருந்தைச் சண்முகம் வெறுங்கையாலேயே கலக்கினான். மழை வருவதற்குள் முடிக்கும் அவசரம். காற்றுக்கு எதிரே நின்று அடித்தவன் வரப்பிலேயே விழுந்தான். வாயில் நுரை, நெஞ்சில் களகளவென்று நீர். மனைவி நீலாவதியும் அண்ணன் ராஜமாணிக்கமும் அவனை லாரியில் ஏற்றி, கப்பலில் வந்து குடியேறிய தீவில், புரோத்ராபூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் சொன்னபடி நர்ஸ் ரோசலின் அட்ரோபின் ஊசியை அடுத்தடுத்துப் போட்டாள். நுரை நின்றது, புத்தி போய்விட்டது. முகம் சிவந்து கண்மணி விரிந்து, கட்டிய மனைவியிடமே, "மேம்சாப், ஜஹாஜ் எப்பக் கெளம்பும்?" என்று கேட்டான். யாரோ ஒரு துரைசானியிடம் கப்பல் நேரம் விசாரிப்பதுபோல. தம்பியைப் பாகலாக, பைத்தியமாக ஆக்கிவிட்டார்கள் என்று ராஜமாணிக்கம் குதித்தார். நீலாவதியும் மேலே ஊசி போடவிடாமல் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரோசலின் கையை உதறவில்லை. "ஜஹாஜ்ல வந்தப்ப துண்டு போட்டு எடம் பிடிச்சீங்கல்ல?" என்று கேட்டு விளக்கினாள். உடம்பின் செல்களில் ரிசப்டர் என்று இடங்கள் உண்டு. நரம்பு அனுப்பும் சரக்கு அதில் உட்கார்ந்தால் எச்சிலும் சளியும் சுரக்கும். வேலை முடிந்ததும் அதை அப்புறப்படுத்த ஓர் ஆள் உண்டு. பூச்சி மருந்து அந்த ஆளின் கையைக் கட்டிவிட்டது. அட்ரோபின்தான் துண்டு, தானும் வேலை செய்யாது, அந்தச் சரக்கையும் உட்காரவிடாது. ஆனால் அது நிலைக்காது, திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

"பித்து தெளிஞ்சிரும்க்கா. நெஞ்சுல தண்ணி ரொம்பினா ஆளே இல்ல. செவுரு இருந்தாத்தானே சித்திரம்?"

வாயோரம் ஈரம் கண்டால் துண்டு நழுவிவிட்டது என்று அர்த்தம், உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் சண்முகம் திரும்பிப் பார்த்தான். "நீலா, ஊசி போதும். வீட்டுக்குப் போவம்" என்றான், தெளிவாக, பழைய குரலில். ராஜமாணிக்கம் அழுதேவிட்டார். அவளுக்கும் போன உயிர் திரும்பிய சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்! முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். வாயோரம் முந்தானை நனைந்தது.

பேர் சொல்லிக் கூப்பிட்ட மனிதனை மறுபடி யாரோ ஆக்க எந்தப் பெண்டாட்டிக்கு மனம் வரும்? நீலாவதிக்கும் வரவில்லை. ஆனாலும் எழுந்தாள். மறித்த ராஜமாணிக்கத்தை ஒதுக்கிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். ஊசி வந்தபோது, கெஞ்சிய புருஷனின் கையை அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் மறுபடி கேட்டான்: "மேம்சாப், ஜஹாஜ் எப்ப?"

நீலாவதி அவன் உதட்டோரத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"நாளைக்குக் கெளம்பும்" என்றாள். "நீங்க படுங்க."